கார் ஹாரன் ஒலிக்காதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார்களின் மின்வேலை பார்த்துவரும் எனக்கு, ஹாரனைப் பற்றிய தொலைபேசி அழைப்பு வராத வாரம் இல்லை. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் அவையே. ஆகையால் அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளியவற்றை முன்னாலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். இங்கே சொல்லியிருப்பவை 12 வோல்ட் பேட்டரி கொண்ட கார்களுக்குப் பொருந்தும்.

1. ஹாரனை அழுத்தினால் சத்தமே இல்லை. கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஹாரன் என்பது ஒரு நீண்ட மின்பாதையின் ஓர் உறுப்பு மட்டுமே. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், மின்னோட்டம் மிகுந்தால் தானே உருகி வயரைக் காக்கும் ஃபியூஸைக் கடந்து, சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்சான ரிலேயைக் கடந்து, பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஹாரனுக்குள் நுழைந்து, அங்கிருந்து காரின் உடல் வழியாக மீண்டும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த ரிலே இயங்குவதற்கு ஸ்டீரிங் நடுவிலுள்ள பொத்தானும் அதன் பின்னாலுள்ள சுருள் நாடாவும் ஒழுங்காக இருக்க வேண்டும். இவற்றுள் எது அறுந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒரே மௌனம்தான்.

குளச்சலிலிருந்து ஒரு கார் என்னிடம் வந்தபோது, அதில் இரண்டாவது முறையாக வாங்கிய புதிய ஹாரன்கள் இருந்தன. அவற்றைக் கழற்றி நேரடியாகப் பேட்டரியில் வைத்தால் கணீரென்று ஒலித்தன. சில வாரங்களுக்கு முன் அந்தக் காரின் முன்பக்கத்தில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை நடந்திருந்தது. ஹாரனின் மின்சாரம் காரின் உடலுக்குத் திரும்பும் இணைப்பான எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ரூபாய் நாணய அளவுள்ள அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் போல்ட்டை முறுக்கியதோடு வேலை முடிந்தது. அந்தக் குடும்பம் இரண்டு ஜோடி ஹாரனுக்குக் கொடுத்த பணம் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

2. ஒரு சின்ன ஹாரனுக்கு எதற்கு ரிலே, ஃபியூஸ் எல்லாம்? நேரடியாக வயர் கொடுத்தால் போதாதா?

ஹாரனுக்குள் ஒரு மின்காந்தமும், அதன் முன்னால் மெல்லிய எஃகுத் தகடும், ஒரு ஜோடி தொடுமுனைகளும் உள்ளன. மின்சாரம் பாய்ந்தவுடன் காந்தம் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்ததும் தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. தகடு தன் இடத்துக்குத் திரும்பியதும் முனைகள் மீண்டும் சேர்கின்றன. இது நொடிக்கு ஏறத்தாழ 400 முதல் 500 முறை நடப்பதால் தகடு அதிர்ந்து ஒலி எழுகிறது. பல கார்களில் ஒன்று தடித்த குரலிலும் மற்றொன்று மெல்லிய குரலிலும் ஒலிக்கும் இரண்டு ஹாரன்கள் இருக்கும். தட்டு வடிவ ஹாரனும், நத்தைக்கூடு போலச் சுருண்ட ஹாரனும் உள்ளே ஒரே முறையில்தான் இயங்குகின்றன.

ஒரு ஹாரன் 3 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியரை நெருங்கும் மின்னோட்டத்தை ஸ்டீரிங்கில் உள்ள மெல்லிய பொத்தான் வழியாக அனுப்பினால் அந்தப் பொத்தான் விரைவில் கருகிவிடும். அதனால்தான் மின்பாதையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பொத்தான் வழியாக ரிலேயின் சுருளுக்குப் போவது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாத சிறு மின்னோட்டம். அது ரிலேக்குள் உள்ள தொடுமுனைகளைச் சேர்த்துவைக்க, ரிலே பெரிய மின்னோட்டத்தை ஹாரனுக்குத் திறந்துவிடுகிறது. சிறிய பாதை, பெரிய பாதை என்ற இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

3. என்னிடம் கருவி எதுவும் இல்லை. வீட்டு வாசலிலேயே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறையக் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, ஒருவர் ஹாரனை விட்டுவிட்டு அழுத்த, மற்றொருவர் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியருகே காதைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டால் ரிலேயின் சுருள் இயங்குகிறது. ஆகவே பொத்தானும் சிறிய பாதையும் நலமாக உள்ளன, பழுது பெரிய பாதையில் இருக்கிறது என்று பொருள். சத்தம் இல்லையென்றால் சிறிய பாதையிலோ, ஃபியூஸிலோ, ரிலேயிலோ தேட வேண்டும். சில கார்களில் ஹாரன் ரிலே டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் என்பதால் அங்கும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பிரேக் மிதியை அழுத்திப் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும். சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான். இரண்டும் ஒன்றாக நின்றிருந்தால் சந்தேகம் ஃபியூஸின் மேல் விழுகிறது. பிரேக் விளக்கு எரியாமல் சாலையில் போவது ஹாரன் இல்லாமல் போவதைவிட ஆபத்தானது என்பதால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ரிமோட்டில் பூட்டும்போதோ எச்சரிக்கை அலாரத்தின்போதோ உங்கள் காரின் ஹாரனே ஒலிக்கும் வகை என்றால், அதையும் இயக்கிப் பாருங்கள். ரிமோட்டுக்கு ஒலித்து ஸ்டீரிங்கிற்கு ஒலிக்காவிட்டால் ஹாரன், அதன் ஃபியூஸ், எர்த் ஆகிய அனைத்தும் ஒரே நொடியில் குற்றமற்றவை ஆகிவிடுகின்றன. அலாரத்துக்கென்று தனி சைரன் வைத்த கார்களில் இந்த முடிவு செல்லாது.

4. சாவி போடாமல் ஹாரன் அடிக்கவில்லை. அதுவும் பழுதா?

காருக்குக் கார் மாறும். பல கார்களில் ஹாரனுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் உண்டு. சிலவற்றில் சாவி ஆன் நிலையில் இருந்தால்தான் ஒலிக்கும். முன்பு சாவி இல்லாமல் ஒலித்தது, இப்போது ஒலிக்கவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

5. ஃபியூஸ் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்திலோ காரின் கையேட்டிலோ படம் இருக்கும். ஹாரன் படத்தைப் பார்த்து அதற்குரிய ஃபியூஸை, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும் சிறிய பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக மேல்நோக்கி இழுங்கள். நடுவில் உள்ள வளைந்த கம்பி அறுந்திருந்தாலோ கருத்திருந்தாலோ போய்விட்டது. நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கம்பி முழுதாகத் தெரிந்தும் உள்ளே மயிரிழை அளவு விரிசல் விட்ட ஃபியூஸ்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும் எங்கள் ஊர் போன்ற கடற்கரைப் பகுதிகளில், ஃபியூஸ் நலமாக இருந்தும் அதன் கால்களிலும் பெட்டியின் பற்களிலும் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுப்போவது உண்டு. அதே அளவுள்ள வேறொரு ஃபியூஸை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.

6. புது ஃபியூஸ் போட்டதும் மறுபடியும் போய்விடுகிறது. கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போட்டால் நிற்காதா?

நிற்கும், அதன் பிறகு ஃபியூஸுக்குப் பதிலாக வயர் உருகும். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவது, செப்புக் கம்பியை வளைத்து வைப்பது ஆகியவற்றையும் இதே பதிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காரில் தீப்பிடிப்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது.

எப்போது போகிறது என்று கவனியுங்கள். செருகிய மறுகணமே போனால், ஃபியூஸுக்கும் ரிலேக்கும் இடையில் எங்கோ வயர் காரின் உடலைத் தொடுகிறது. ஹாரனை அழுத்தும்போது மட்டும் போனால் பழுது ரிலேயைத் தாண்டி இருக்கிறது. அப்போது இரண்டு ஹாரன்களின் கப்ளரையும் (வயர் முனையில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றிவிட்டு அழுத்துங்கள். ஃபியூஸ் தாங்கினால் ஹாரன்களுள் ஒன்று உள்ளே சிக்கி, தொடுமுனை பிரியாமல் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கப்ளரைக் கழற்றியும் ஃபியூஸ் போனால், வயரை ரிலேயிலிருந்து பம்பர் வரை கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். ரேடியேட்டர் தாங்கியின் கூர்மையான ஓரமும், எலி கடித்த இடமும் நான் முதலில் பார்க்கும் இடங்கள். மழைக்காலத்தில் வெதுவெதுப்பு தேடி பானெட்டுக்குள் ஒண்டும் எலிகள் மெல்லிய வயர்களைத்தான் முதலில் கடிக்கின்றன.

7. ‘டிக்’ சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஹாரன் மட்டும் ஊமையாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பெரிய பாதையில். பம்பருக்கு முன்னாலிருந்தோ அடியிலிருந்தோ ஹாரனின் கப்ளரைக் கழற்றி, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்போ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்து வைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த சோதனைக் கருவி வேண்டியதில்லை. கப்ளரின் இரண்டு முனைகளிலும் அந்தப் பல்பை வைத்து, ஒருவரை ஹாரன் அழுத்தச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் மின்சாரம் ஹாரன் வரை வந்து திரும்பிக்கொண்டிருக்கிறது, ஹாரன்தான் பழுது. இப்போது புது ஹாரன் வாங்கலாம்.

எரியாவிட்டால், பல்பின் ஒரு வயரை கப்ளரின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதை நேராகப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து மீண்டும் பாருங்கள். இப்போது எரிந்தால் எர்த் கெட்டிருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன குளச்சல் காரின் கதைதான். அப்போதும் எரியாவிட்டால் ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது ரிலேக்கும் ஹாரனுக்கும் இடையில் வயர் அறுந்திருக்கலாம். ஒற்றை வயர் மட்டும் வரும் ஹாரன்களுக்கு அவற்றின் தாங்கிப் பட்டையே எர்த் என்பதால், பட்டையின் போல்ட் துருப்பிடித்தாலே ஹாரன் நின்றுவிடும். அவற்றில் பல்பின் இரண்டாவது வயரை முதலில் அந்தப் பட்டையில் வைத்துப் பாருங்கள்.

8. ‘டிக்’ சத்தமே இல்லை, ஃபியூஸ் நலமாக இருக்கிறது. இனி என்ன?

ரிலேயை மாற்றிப் பாருங்கள். அதே பெட்டியில் பனிவிளக்குக்கோ வேறு எதற்கோ அதே எண் அச்சிட்ட ரிலே பெரும்பாலும் இருக்கும். அதைக் கடன் வாங்கி ஹாரன் இடத்தில் செருகினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். ஒலித்தால் பழைய ரிலே பழுது.

ஒலிக்காவிட்டால் ரிலேயைக் கழற்றிய குழியில் சோதிக்க வேண்டும். வழக்கமான நான்கு கால் ரிலேயில் 30 என்ற கால் பேட்டரி மின்சாரம் வரும் இடம், 87 ஹாரனுக்குப் போகும் இடம், 85-உம் 86-உம் சுருளின் இரு முனைகள். எண்கள் ரிலேயின் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். குழியில் கண்ணாடியில் தெரியும் உருவம் போல இடம்வலம் மாறி அமையும் என்பதை மறந்துவிடாதீர்கள். நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு வயரால் 30-க்கும் 87-க்கும் உரிய குழிகளை ஒரு நொடி இணைத்தால் ஹாரன் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் பெரிய பாதை முழுவதும் நலம்; பொத்தான் பக்கமே பழுது. அதையும் உறுதிசெய்ய, வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை 85, 86 இரண்டில் பொத்தானுக்குப் போகும் குழியிலும் வைத்து ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். பல கார்களில் பொத்தானின் வேலை சுருளுக்கு எர்த் கொடுப்பது என்பதால், அழுத்தும்போது ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழுது ஸ்டீரிங்கில்.

9. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் ஒலிக்கிறது, நேராக வைத்தால் நின்றுவிடுகிறது. இது என்ன நோய்?

ஸ்டீரிங் சுழலும், அதற்குப் பின்னாலுள்ள தண்டுறை சுழலாது. இரண்டுக்கும் இடையில் மின்சாரத்தைக் கடத்த, கடிகாரச் சுருளைப் போலச் சுற்றிய ஒரு தட்டையான நாடா வயர் உண்டு. கிளாக் ஸ்பிரிங் என்றும் ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுருங்கி விரிவதால் சில ஆண்டுகளில் உள்ளே ஒரு செப்பு இழை முறியலாம். முறிந்த முனைகள் சில கோணங்களில் ஒட்டிக்கொள்ளும், சில கோணங்களில் விலகும். ஹாரனும் அதற்கேற்ப ஒலிக்கும், நிற்கும். ஏர்பேக் இல்லாத பழைய கார்களில் இதே வேலையை ஒரு பித்தளை வளையமும் அதன்மேல் உரசும் ஸ்பிரிங் முனையும் செய்தன. அவற்றைச் சுத்தம் செய்தாலே போதும்.

ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிவது, ஸ்டீரிங்கில் உள்ள ஒலியளவுப் பொத்தான்கள் வேலை செய்யாதது ஆகியவை ஹாரன் நின்றதோடு சேர்ந்து வந்தால் கிளாக் ஸ்பிரிங் என்பது ஏறக்குறைய உறுதி, ஏனென்றால் அவை அனைத்தும் அந்த ஒரே நாடாவின் வழியாகத்தான் போகின்றன. ஏர்பேக் விளக்கு எரியும் காரில் விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். ஹாரன் இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

10. ஸ்டீரிங் நடுமூடியை நானே கழற்றிப் பார்க்கலாமா?

உங்கள் காரில் ஏர்பேக் இருந்தால் கழற்ற வேண்டாம் என்பதே என் பதில். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம்; அதற்கு முன் வந்த பல கார்களிலும் உண்டு. அந்த மூடிக்கு அடியில் இருப்பது வெடிமருந்து போன்ற ஒரு பொருளால் கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும் பை. முகத்தை அதன் முன்னால் வைத்துக்கொண்டு திருப்புளியால் நெம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

பழகிய ஆள் செய்யும்போதும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதற்குரிய அமைப்பில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். நேரம் தெரியாத கார்களில் நான் பத்து நிமிடம் காத்திருப்பேன். ஏர்பேக்கிற்குப் போகும் மஞ்சள் கப்ளரில் மீட்டரையோ சோதனைப் பல்பையோ வைக்கவே கூடாது. புதிய கிளாக் ஸ்பிரிங்கை மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராகவும் நாடா அதன் நடுநிலையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்துவிடும். நீங்கள் வேலையைக் கொடுக்கும் பட்டறையில் இவற்றைச் செய்கிறார்களா என்று அருகில் நின்று பார்ப்பதில் தவறில்லை.

11. நடு இரவில் ஹாரன் தானாகவே அலறத் தொடங்கிவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

ஹாரன் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கியிருக்க வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பதை இன்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் விட்டுவிட்டு ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டது. நீண்ட நேரம் தொடர்ந்து ஒலித்தால் சுருள் சூடேறிக் கருகிவிடும்.

ரிலேயைப் பிடுங்கியதும் நின்றால், புது ரிலே ஒன்றைச் செருகுங்கள். அமைதியாக இருந்தால் பழைய ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருந்தன. மறுபடியும் அலறினால் பொத்தான் உள்ளே அழுந்தியபடி நிற்கிறது அல்லது பொத்தானுக்குப் போகும் வயர் எங்கோ காரின் உடலைத் தொடுகிறது. வெயிலில் நாள் முழுதும் நின்ற காரில் நடுமூடி சற்று வளைந்து பொத்தான் தானாகவே தொட்டுக்கொள்வதும் உண்டு.

12. மழையில் ஓட்டிய பிறகு ஹாரன் தவளை மாதிரி கரகரக்கிறது. மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நத்தைக்கூடு வடிவ ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி மாட்டியிருந்தால் அது கிண்ணம் போலத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். கழற்றிச் சாய்த்து வடியவிட்டு, ஒருநாள் நிழலில் உலர வைத்தால் பெரும்பாலும் குரல் திரும்பிவிடும். உள்ளே எண்ணெயையோ துரு நீக்கும் தெளிப்பானையோ அடிக்காதீர்கள். அது தொடுமுனைகளில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது முன் கிரிலுக்குள் மிக அருகிலிருந்து பீய்ச்ச வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் கதை வேறு. பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால், முதலில் தண்ணீருக்குள் போகும் உறுப்புகளில் ஹாரனும் ஒன்று. உலர்த்தினால் சில நாள் ஒலிக்கும். சேறும் துருவும் சேர்ந்து பிறகு நின்றுவிடும். அத்தகைய கார்களில் ஹாரனை மாற்றி, கப்ளர்களையும் எர்த் இடங்களையும் சுத்தம் செய்யவே சொல்கிறேன்.

13. ஹாரன் சத்தம் முன்பு போல இல்லை, மெலிந்துவிட்டது. பின்னாலிருக்கும் ஸ்க்ரூவைத் திருகலாமா?

முதலில் இரண்டும் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். ஜோடியில் ஒன்று நின்றுவிட்டால் குரல் மெலிந்தது போலத்தான் தோன்றும். ஒவ்வொன்றின் கப்ளரையும் மாறிமாறிக் கழற்றினால் தெரிந்துவிடும். ஹாரனின் உடல் வேறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒலி அமுங்கும். அது தன் பட்டையில் தனித்து நின்று அதிர வேண்டும். இன்ஜின் ஓடும்போது கணீரென்றும் நிறுத்தியபின் மந்தமாகவும் ஒலித்தால் பேட்டரியைச் சோதியுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், தட்டு வடிவ ஹாரனின் பின்புறத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, ஒரு நொடி ஒலிக்க வைத்துக் கேட்டு, தேவையானால் எதிர்த்திசையில் முயலலாம். அது ஒலியளவைக் கூட்டும் திருகு இல்லை, தொடுமுனைகளின் இடைவெளியை மாற்றும் திருகு; அதிகம் திருகினால் ஹாரன் முற்றிலும் நின்றுவிடும் அல்லது ஃபியூஸ் போய்விடும். தொடங்குமுன் ஸ்க்ரூவின் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

14. ஹாரன் முனையில் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ஹாரனும் புதிது. ஆனாலும் ஒலிக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லுமா?

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது; நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை. கப்ளரைக் கழற்றி வைத்து அளக்கும்போது மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பதினெட்டு இழைகள் அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் அந்த நிலையில் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஹாரனை மாட்டியதும் 5 ஆம்பியர் கேட்கிறது. அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடிவதில்லை. 7-ஆம் கேள்வியில் மீட்டரை விட்டுவிட்டு 21 வாட் பல்பைச் சொன்னதற்கு இதுவே காரணம்: அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால் வயரின் உண்மையான பலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஹாரன் மாட்டியபடி இருக்க, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை ஹாரனின் பாசிட்டிவில். மின்சாரம் தடையின்றிப் போனால் இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். பிறகு ஹாரனின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அதே போல அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் 3, 4 வோல்ட் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் மின்சாரம் விரயமாகிறது. முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எண் திடீரென மாறும் இடத்தில் பழுது இருக்கும். இந்த ஒரு சோதனையை என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

15. அதிகச் சத்தம் தரும் ஹாரன் மாட்டினேன். ஒரு மாதத்தில் ரிலேயே கருகிவிட்டது. நல்ல கம்பெனி ஹாரன்தானே?

ஹாரனைக் குறைசொல்ல வேண்டியதில்லை. காரோடு வந்த வயரும் ரிலேயும் காரோடு வந்த ஹாரனின் மின்னோட்டத்துக்காகப் போடப்பட்டவை. அதைவிட மிகுதியாக இழுக்கும் ஹாரனுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஆகியவற்றைக் கொடுத்து, பழைய ஹாரன் வயரை அந்த ரிலேயை இயக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதற்கென்று கப்ளரோடு தயாராக வரும் வயரிங் தொகுப்புகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் காரின் வயரை வெட்ட வேண்டியதில்லை.

சட்டத்தையும் பாருங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, வாகனத்தில் ஹாரன் இருக்க வேண்டும் என்பதோடு, பல சுரங்களில் மாறிமாறி ஒலிப்பதையும் அளவுக்கு மீறிக் கடூரமாக அலறுவதையும் தடுக்கிறது. தேவையின்றி ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடம் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். உள்ளே படுத்திருக்கும் நோயாளியை எண்ணிப் பார்த்தால் அபராதம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

16. கொல்லிமலை ஏறும்போது ஹாரன் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது?

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் ஹாரன் இல்லாமல் ஏறுவது சரியில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஃபியூஸை மாற்றிப் பாருங்கள், பிறகு ரிலேயை இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டும் பலிக்காமல், ரிலே குழியில் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தால் ஒலிக்கிறது என்றால், அந்த இரண்டு குழிகளிலிருந்தும் ஃபியூஸ் கோத்த வயரை எடுத்துக் கையெட்டும் தூரத்தில் ஒரு புஷ் ஸ்விட்ச்சில் முடித்து ஊர் வந்து சேரலாம். வீட்டு அழைப்புமணி ஸ்விட்ச்சே போதும், ஆனால் அது அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே. பத்து ஆம்பியரை அது நெடுநாள் தாங்காது. அதுவும் முடியாதபோது முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தை நடையளவுக்குக் குறைத்து, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்குங்கள்.

17. புதிய கார். ஃபியூஸ், ரிலே, ஹாரன் எல்லாம் சரி என்கிறார்கள், ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இப்போதைய பல கார்களில் பொத்தான் ரிலேயை நேரடியாக இயக்குவதில்லை. அது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி சொல்ல, பெட்டிதான் ரிலேயை இயக்குகிறது. சிலவற்றில் கழற்றக்கூடிய ரிலேயே இருப்பதில்லை. அவற்றில் 8-ஆம் கேள்வியின் மீட்டர் சோதனை பொருந்தாது. அந்தப் பெட்டியோடு இணைத்துப் பார்க்கும் கருவிதான் ஸ்கேனர்; ஹாரன் பொத்தானை அழுத்தும்போது அதில் செய்தி வருகிறதா என்று பார்த்து, பிறகு ஸ்கேனரிலிருந்தே ஹாரனை ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். முதலாவது இல்லை, இரண்டாவது உண்டு என்றால் ஸ்டீரிங் பக்கம். முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை என்றால் பெரிய பாதை. பழைய தர்க்கமேதான், கருவி மட்டும் புதிது. அந்தத் திரையை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரக் கார்களிலும் ஹாரன் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியில்தான் இயங்குகிறது என்பதால் மேலே சொன்னவை அவற்றுக்கும் பொருந்தும். ஆரஞ்சு நிற உறையிட்ட வயர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவை உயர் அழுத்த மின்சாரம் ஓடுபவை.

18. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஒலிக்கிறது, வீட்டுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. இதை எப்படித்தான் பிடிப்பது?

எனக்கும் மிகவும் கடினமான கேள்வி இதுதான். முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: நின்ற நேரம் காலையா மதியமா, மழையா வெயிலா, ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, குழியில் இறங்கி ஏறிய பிறகா. ஈரத்தில் மட்டும் நின்றால் கப்ளரும் எர்த்தும், திருப்பத்தில் மட்டும் நின்றால் 9-ஆம் கேள்வி, குலுங்கும்போது மட்டும் நின்றால் தளர்ந்த முனையோ ஃபியூஸ் பெட்டியின் விரிந்த பற்களோ என்று தேடும் இடம் சுருங்கிவிடும்.

குறிப்பு எதுவும் பிடிபடாத கார்களில் நான் ஒரு சிறிய பல்பைக் கட்டி அனுப்புவேன். அதன் ஒரு வயர் ஹாரனின் பாசிட்டிவ் முனையில், நடுவில் சிறு ஃபியூஸோடு. மற்றது பேட்டரியின் நெகட்டிவில். பல்பு மட்டும் முன்கண்ணாடியின் ஓரத்தில், ஓட்டுபவர் கண்ணில் படும்படி. ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் அது எரியும். ஒலிக்காமல் போகும் அந்த ஒரு தருணத்தில் பல்பு எரிந்ததா இல்லையா என்பதை மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள் என்பேன். எரிந்தது என்றால் ஹாரனிலோ அதன் எர்த்திலோ பழுது. எரியவில்லை என்றால் ஹாரனுக்கு முன்னால் உள்ள ஃபியூஸ், ரிலே, வயர், பொத்தான் ஆகியவற்றுள் ஒன்றில். பல நாள் பிடிபடாமல் அலைக்கழித்த சில கார்களை அந்தப் பல்பு முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கிறது.